அப்படி யாரும் இங்கே இல்லை

டெலிபோன் ஆபரேட்டர் வேலை என்பது, ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு, அவர்களில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போகிற வேலை. எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, தட்டில் சோறு ஆற, ரிசீவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் மன்னிக்க வேண்டும். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான்தான். உங்களுக்கு மதராஸ் லைன் கிடைக்காத அந்த நேரமெல்லாம் எனக்கும் கிடைக்கவில்லை. நீங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் மடியில் ஒரு நாவலை விரித்து வைத்திருந்தேன்.

அட்டை போன புத்தகம்

புத்தகத்தைக் கொண்டுவந்தவள் ஸொலாஞ்ஜ். சுவிட்ச்போர்டில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுக்கு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள் என்பதால் பாரிஸ் கால் எல்லாம் அவள்தான் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குத் துணி வாங்கப் போனவள், பழைய புடவைகளுக்கு நடுவே கிடந்ததென்று இதையும் சேர்த்து எடுத்து வந்திருந்தாள். முன்னட்டை இல்லை, பின்னட்டை இல்லை, தொடக்கத்தில் சில பக்கங்களும் இல்லை. எழுதியவர் யார், தமிழில் மாற்றியவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் துணி தேய்க்கும் கறுப்பினப் பெண்ணின் கதை அது. அவள் பேர் நொம்சா. வீட்டுக்கார அம்மாவுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. முன்பு அங்கே வேலை செய்தவள் பேர் ஆனி, அதனால் இவளையும் ஆனி என்றே கூப்பிட்டாள். நொம்சா பின்வாசல் வழியாக வந்தாள். தனித் தம்ளரில் தண்ணீர் குடித்தாள். ஆனி என்றால் திரும்பிப் பார்த்தாள்.

மிஞ்சியிருந்த முதல் பக்கத்தை நான் படித்தபோது போர்டில் வரிசையாக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. படிக்கப் படிக்க அவை தூரத்துப் படகு விளக்குகள் மாதிரி சின்னதாகிக்கொண்டே போயின. காதில் யாரோ ‘கடலூர், கடலூர்’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வேறொரு நாட்டில், ஈரத்துணி வாசனையில், யார் வீட்டுக் கொல்லைப்புறத்திலோ நின்றுகொண்டிருந்தேன். ஸொலாஞ்ஜ் என் கையிலிருந்த இணைப்பு வயரைப் பிடுங்கிக் கடலூர் துளையில் சொருகினாள். “நீ வாங்கின புத்தகம், நீயே மொதல்ல படியேன்” என்று கொடுத்தேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “நீ படிச்சுச் சொல்லுடி, நான் கேக்குறேன். பிரெஞ்சுன்னா ஓடிடுவேன். தமிழ்ன்னா ஒவ்வொரு எழுத்தையும் கைபுடிச்சு ரோட்ட தாண்ட வைக்கணும் எனக்கு.”

மண்டி முதலாளி

அப்படித்தான் நான் கதை சொல்லியானேன். லைனுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், முதல் நாள் படித்ததை ஸொலாஞ்ஜுக்குச் சொல்வேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். வெயில் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தாண்டித் தரையில் நகரும். கடல் காற்றில், கால் விவரம் குறிக்கும் டிக்கெட் காகிதங்கள் படபடக்கும். சொல்லிக்கொண்டிருப்பது நான்தானா, எனக்குள்ளிருந்து வேறு யாராவது பேசுகிறார்களா என்று சில சமயம் சந்தேகமாகக்கூட இருக்கும்.

ஒரு மத்தியானம் நொம்சா மழையில் வீட்டுக்கு நடந்து போகும் கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர்களுக்கான பஸ் காலியாக அவளைத் தாண்டிப் போகிறது. டிரைவர் அவளைப் பார்க்கிறான், நிறுத்தவில்லை. கையில் குழந்தைக்கு வாங்கிய மருந்து இருக்கிறது, மருந்துச் சீட்டு நனைந்து எழுத்து கலைகிறது. அந்த நேரம் பார்த்து மதராஸ் லைன் கிடைத்தது. அரிசி மண்டி முதலாளி ஒருவர் காலையிலிருந்து அதற்காகக் காத்திருந்தார். தாமதத்துக்கு எங்களைத் திட்டுவதில் ஊரிலேயே பேர்போனவர் அவர். “சார், மதராஸ் ரெடி, பேசுங்க” என்றேன். மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது. அப்போதுதான் கீழே பார்த்தேன். அவர் லைனில் பேசும் சுவிட்சை, நாங்கள் சாவி என்போம், நான் மூடவே இல்லை. பஸ், மழை, மருந்து எல்லாவற்றையும் அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். திட்டுக்குத் தயாராக உட்கார்ந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மதராஸ் கெடக்குது, இரும்மா. அந்தப் பொம்பள மருந்தோட வூடு போய்ச் சேந்தாளா இல்லையா, அத சொல்லிட்டு அப்புறம் லைனக் குடு.”

பறிமுதல்

எங்கள் சூப்பர்வைசர் ராஜலட்சுமி மேடம் நடந்து வரும்போது செருப்புச் சத்தம் கேட்காது. ஒரு காலை நிமிர்ந்து பார்த்தால் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று என் பேரைக் கேட்டு, “அஞ்சலையா? அஞ்சலின்னு வச்சுக்கோயேன், கேக்க நல்லா இருக்கும்” என்று டூட்டி போர்டில் சாக்பீஸால் எழுதியவர் அவர்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு பரிசு. நானும் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன். என் அப்பா மில் தொழிலாளி. மில்லுக்குப் பின்னால் இருக்கும் காலனி எங்களுடையது. ஊர்க்காரர்கள் அதற்கு வேறு பேர் வைத்திருந்தார்கள். அஞ்சலை என்றால் அந்தக் காலனி. அஞ்சலி என்றால் எந்தத் தெருவாகவும் இருக்கலாம்.

புத்தகம் போன நாட்களில் எனக்கு ஏதோ உறவுக்காரர் காணாமல் போனது போல இருந்தது. நொம்சா என்ன ஆனாளோ என்று தேங்காய் துருவும்போது நினைப்பேன், பஸ்ஸில் நினைப்பேன். மேடத்திடம் கேட்கத் தைரியம் இல்லை. அந்த வாரக் கடைசியில் அவரே வந்து என் மேஜை மேல் புத்தகத்தை வைத்தார். பிரவுன் காகிதத்தில் அட்டை போட்டு, பிரிந்த பக்கங்களை ஊசிநூலால் தைத்திருந்தார். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. “ரெண்டு நாளா வீட்ல சாம்பாருக்கு உப்புப் போட மறந்துட்டேன். இனிமே டூட்டிக்கு புத்தகம் கொண்டுவராதே, கொண்டுவந்தா மொதல்ல எங்கிட்ட குடு.”

கடற்கரையில்

கடைசிப் பகுதியைப் போர்டில் உட்கார்ந்து படிக்க மனம் வரவில்லை. டூட்டி முடிந்து கடற்கரைக்குப் போய்ச் சுவர் மேல் உட்கார்ந்தேன். சாயங்கால வெளிச்சம் மஞ்சளாக, பாறைகள் ஈரமாக இருந்தன.

நொம்சாவின் மகள் வளர்ந்து பள்ளிக்கூட ஆசிரியை ஆகிறாள். ஒரு நாள் அம்மாவைத் தேடி அந்த வீட்டு முன்வாசலுக்கு வந்து, “நொம்சாவைப் பார்க்க வேண்டும்” என்று கேட்கிறாள். வீட்டுக்கார அம்மா, மனதில் எந்தக் கள்ளமும் இல்லாமல், “அப்படி யாரும் இங்கே இல்லை” என்று சொல்கிறாள். உள்ளே நொம்சா துணி தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வார்த்தை அவள் காதில் விழுகிறது. கை நின்றுவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பட்ட அடியெல்லாம் நாவலில் முன்பே வந்துவிட்டது. ஆனால் இந்த ஒரு வரிதான் என்னை உடைத்தது. நொம்சா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வீட்டின் கூடத்தைக் குறுக்காகக் கடந்து, முன்வாசல் வழியாக வெளியே வருகிறாள். அதுவரை அந்த வாசல்படியை அவள் துடைத்திருக்கிறாளே தவிர, மிதித்ததில்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. நடைபயிற்சி போகிறவர்கள், குல்லா வைத்த போலீஸ்காரர், பலூன்காரர் எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பவர்கள் மாதிரி சத்தமில்லாமல் போனார்கள். அந்தக் கூட்டத்தில் நொம்சாவும் வருவாள் என்று நான் நிஜமாகவே எதிர்பார்த்தேன். வந்தால் என்ன பேரைச் சொல்லி என்னை அறிமுகம் செய்துகொள்வது என்ற யோசனை வந்ததும் அழுகை வந்துவிட்டது. சுண்டல் கூடையோடு வந்த ஒரு அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். காரணம் கேட்கவில்லை. ஒரு பொட்டலம் மடித்து என் கையில் வைத்தார். “அழுவுறதுன்னா கொஞ்சம் இப்படித் தள்ளி ஒக்காந்து அழுவு கண்ணு. அங்க அலை தெறிக்கும், பொஸ்தகம் நனைஞ்சிடும்.”

பாரிஸ் லைன்

நான் குடியிருந்தது அலமேலு அக்கா வீட்டுப் பின்பக்க அறையில். அக்காவின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். பட்டாளத்திலிருந்து விலகிய பிறகும் பாரிஸிலேயே ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அதனால் அக்கா வீட்டில் டெலிபோன் இருந்தது, அதற்குப் பூப்பின்னல் போட்ட ஒரு உறையும் இருந்தது. ‘அஞ்சலி, கவர்மெண்ட் வேலை’ என்ற இரண்டு தகவலிலேயே எனக்கு அறை கொடுத்தவர். வெள்ளிக்கிழமை சாம்பார் வைத்தால் கிண்ணத்தில் எனக்கும் வரும்.

பாரிஸ் லைன் அப்போதெல்லாம் கடலுக்கு அடியிலிருந்து வருவது மாதிரி இருக்கும். குரல் அருகில் வரும், அமுங்கிப் போகும், மறுபடி மிதந்து வரும். ஒரு மத்தியானம் அக்காவுக்குக் கால் வந்தது. ஸொலாஞ்ஜ் பிரெஞ்சில் பேசி லைனை வாங்கிக் கொடுத்தாள். அக்காவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அப்படியானால் நடுவில் இருக்கும் ஆபரேட்டர் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர் சொல்லச் சொல்ல, நான் அக்காவுக்குச் சொன்னேன். “பழைய ரூம காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம்க்கா.” “வேற எடம் தேடுறாராம்.” “போன்ல கேட்டா காலியா இருக்குது வாங்கன்னு சொல்றாங்களாம்.” அதற்கடுத்த வாக்கியம் என் வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றது. “நேர்ல போய் நின்னா, மொகத்த பாத்துட்டு, இப்பதான் வேற ஆளுக்கு குடுத்துட்டோம்னு கதவ சாத்திடுறாங்களாம்.”

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். விளக்கு ஏற்றவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரிந்தது நொம்சா கதை ஒன்றுதான். அதை அப்போது சொல்ல முடியவில்லை. அக்கா சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தபடி பேசினார். “அவர அங்க கறுப்பன்னு சொல்றாங்களாம்மா. எங்க குடும்பத்துலயே அவருதான் செகப்பு.”

பி.பி. கால்

இன்னார்தான் வந்து பேச வேண்டும் என்று பேர் சொல்லிப் பதிவு செய்வது பி.பி. கால். அந்த ஆள் இல்லையென்றால் உடனே ரத்து செய்துவிட வேண்டும். பம்பாயிலிருந்து அப்படி ஒன்று வந்தது. கடற்கரைப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றின் நம்பர். கூப்பிட வேண்டிய பேர் முனியம்மா. கேட்பவர் மகன். வீட்டைவிட்டுப் போய் நெடுநாள் ஆகியிருக்க வேண்டும். பம்பாய் ஆபரேட்டரிடம் பேரைச் சொல்லும்போதே அந்தப் பையன் குரல் உடைந்தது.

பெரிய வீட்டு அம்மா எடுத்தார். “முனியம்மாவா? அப்படி யாரும் இங்க இல்லையே.”

இதைப் படிக்கிற உங்களுக்கு, நான் கதைக்காகச் சேர்த்ததாகத் தோன்றலாம். பி.பி. கால் போட்ட எந்த ஆபரேட்டரையும் கேட்டுப் பாருங்கள், இந்தப் பதிலை நாங்கள் வாரத்தில் பல தடவை கேட்போம். வயரைப் பிடுங்க என் கை போய்விட்டது. ஆனால் அந்த வார்த்தைகள் எனக்குக் காதில் விழவில்லை, அச்சில் தெரிந்தன. “அம்மா, வீட்ல வேல செய்றவங்க யாராவது இருக்காங்களா?” என்றேன். “இருக்கா. அவ பேரு ரோஸ்.” “அவங்களையே ஒரு நிமிஷம் கூப்புடுங்கம்மா.” பம்பாய்க்காரி ரத்தா, ரத்தா என்று இந்தியில் அவசரப்படுத்தினாள். ஸொலாஞ்ஜ் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பக்கம் குழாய் மூடும் சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம், தயங்கித் தயங்கி வரும் காலடிச் சத்தம்.

“உங்க பேரு முனியம்மாவா?” என்று கேட்டேன்.

மிகவும் பயந்த குரலில், “ஆமா… நீ யாரு? என் பேரு ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

லைனைச் சேர்த்தேன். மகன் “அம்மா” என்றான். அவன் மறுபடி “அம்மா” என்றான். “சாப்பிட்டியாடா” என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கு மேல் கேட்கக் கூடாதென்று சாவியை மூடினேன். நேரம் முடிந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பம்பாய்க்காரியே சொன்னாள். லைன் போனதும் சாவியைத் திறந்தேன். அந்த அம்மா இன்னும் ரிசீவரை வைக்கவில்லை, எப்படி வைப்பதென்று தெரியவில்லை போலிருக்கிறது. நான் இன்னும் அங்கே இருக்கிறேன் என்று மட்டும் எப்படியோ அவருக்குத் தெரிந்தது. “வூட்டு அம்மா மேல தப்பு இல்ல கண்ணு. ரோசுன்னு ஒரு பொண்ணு இங்க இருந்துச்சு. அது போனதுக்கப்புறம் நான்தான் ரோசு.”

சாக்பீஸ்

அன்று டூட்டி முடிந்ததும் ராஜலட்சுமி மேடத்திடம் போனேன். “மேடம், என் பேரு அஞ்சலைங்க. போர்டுல அப்படியே எழுதிடுங்க” என்றேன். ஏன் திடீரென்று என்று கேட்பார், பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. எழுந்து போய், என் பேரின் கடைசி எழுத்தை விரலால் அழித்தார். சாக்பீஸை எடுத்தவர் கை போர்டுக்கு முன்னால் அப்படியே நின்றது. பிறகு ‘லை’ என்று எழுதினார், மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக. திரும்பாமலே கேட்டார். “நானும் உன்ன ஆனின்னு கூப்புட்டுட்டேனாம்மா?”

அலமேலு அக்கா

அடுத்த வாரம் அக்கா எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்து அஞ்சலியைக் கேட்டிருக்கிறார். “அஞ்சலையா? இருங்க, கூப்புடறேன்” என்றிருக்கிறாள் ஸொலாஞ்ஜ். வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்டார், “அஞ்சலைன்னா… நீங்க எந்தப் பக்கம்?” இந்தக் கேள்விக்கு வழுக்கிக்கொண்டு போக எனக்கு நிறைய வழி தெரியும். கதிர்காமம் பக்கம் என்று சொல்லியிருக்கிறேன், தட்டாஞ்சாவடி பக்கம் என்று சொல்லியிருக்கிறேன். அன்று, “மில்லுக்குப் பின்னாடி காலனிக்கா” என்றேன். சொல்லும்போது, ஒரு கூடத்தைக் குறுக்காகக் கடந்து போவது மாதிரி இருந்தது. அக்கா கோபப்படவில்லை. “அவரு வர்றாராம், ரூமு தேவப்படும்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாரிஸ் லைன் எங்கள் கை வழியாகத்தானே போக வேண்டும்.

தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் கேட்பதற்கு முன்பே பேரையும் காலனியையும் சொன்னேன். அவர் எங்கே வேலை என்று மட்டும் கேட்டார். பகலெல்லாம் இரும்பு கத்தும் இடம். அந்தச் சத்தத்திலும் நான் ஆழ்ந்து தூங்கினேன், கனவே இல்லாமல். கிளம்பும் அன்று ஸொலாஞ்ஜ் ரிக்‌ஷாவில் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா வாசல்வரை வந்தார். கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை, உண்மையாகவே கலங்கியிருந்தது. என் புடவை முந்தானையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிடக் கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். “பேர மாத்தியே வச்சிருந்தா நானும் தெரியாத மாதிரியே இருந்திருப்பேன்ல, அஞ்சலி.”

ஊரில் உள்ளவர்களையெல்லாம் பேர் சொல்லித் தேடிப்பிடித்துக் கொடுத்த எனக்கு, என் பேரிலேயே என்னைப் பிடித்துக்கொள்ள இத்தனை வருஷம் ஆனது என்றால், டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்த நீங்களாவது அதைத் தாமதம் என்று சொல்ல மாட்டீர்கள்.